அவசரத்துக்கு ஓர் எண்

படிவத்தின் கடைசிக் கட்டத்தில் வழிகாட்டிக்குப் பேனா நகரவில்லை. 'விபத்து நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?' இருபத்திரண்டு வருஷமாக இந்த மலையூரின் பழைய தெருக்களில் சுற்றுலா ஆட்களை நடத்திக்கொண்டு போனதில், மதில் எழும்பிய கதையும் மணிக்கூண்டு சரிந்த கதையும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இப்போது கம்பெனி, நடையையும் குவாட் பைக்கையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்துவிட்டது. காலையில் தெரு, மத்தியானம் காட்டுப் பாதை. மேலே இடிந்த காவல் கோபுரத்தில் மிச்சக் கதையைச் சொல்ல, அந்த நாலு சக்கரப் பூதத்தை இன்று முதல் அவரும் ஓட்டியாக வேண்டும். வெளியே ஏழு பேர் ஹெல்மெட்டோடு காத்திருந்தார்கள்.

"இதைக் காலியா விட்டா என்னம்மா?"

"முடியாது சார். அந்த நம்பருக்குக் கூப்பிட்டு, ஆள் எடுத்தாத்தான் சாவியே தருவோம்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "வீட்டுல யாராவது இருப்பாங்கல்ல, போடுங்க."

வீட்டில் அவரும் சுவர்க் கடிகாரமும்தான். மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்று, மகளுடையது. மூன்று வருஷமாக அவளோடு பேச்சே இல்லை. கதை சொல்லும்போது போனை அணைத்து வைப்பது அவர் வழக்கம். பேச்சு முறிந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். மணிக்கூண்டுக் கதைக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டு அவர் போனைத் திறந்தபோது, மனைவி போய் முக்கால் மணி நேரமாகியிருந்தது. "உங்களுக்கு ஊர்க்கதைதானே முக்கியம்" என்றாள் மகள்.

எண்ணை எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் போனைக் காதில் வைத்ததும், கேட்கப் பயந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாரோடு மல்லுக்கட்டினார். எடுக்காவிட்டால் சாவி கிடைக்காது என்பது பெரிதில்லை. எடுக்கமாட்டாள் என்று இன்னொருவருக்கும் தெரிந்துவிடும்.

சாவி மேஜைமேல் நகர்ந்து வந்தது.

"எடுத்தாங்களா?"

"ம். 'அவருக்கு என்னாச்சு'ன்னு பதறிட்டாங்க. ஒண்ணும் ஆகல, சும்மா செக் பண்றோம்னேன்."

"வேற ஏதாவது...?"

"போன் ஆன்ல இருக்கான்னு கேட்டாங்க. வச்சுட்டாங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். அணைந்துதான் இருந்தது. திறந்து, நெஞ்சுப் பக்கப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

மேட்டுப்பாதையில் வண்டி உடம்பையே குலுக்கியது. நெஞ்சருகே அதிர்வது இன்ஜினா, போனா என்று தெரியவில்லை. முதல் வளைவில் நிறுத்தி எடுத்துப் பார்த்தார். அடுத்த வளைவிலும் நிறுத்தினார். பின்னால் ஏழு வண்டிகளும் புழுதிக்குள் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்தன.