எடை மேடை: தேவையில்லை

"வேகம்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோம்மா," என்றார் மேனேஜர். என் மேசை ஓரத்தில் ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டு, திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "வளைவுல அதிவேகமா திருப்பினதால வண்டி சாஞ்சது. அவ்ளோதான். நீட்டி முழக்க வேண்டாம்."

நான் அடித்தேன். 'ஓட்டுநர் வளைவில் அதிவேகமாகத் திருப்பியதால்' என்பது வரை வந்து விரல்கள் நின்றுவிட்டன. அந்த ஓட்டுநர் என் சித்தப்பா, அம்மாவின் தங்கை கணவர். இருபத்தாறு வருடமாகக் கன்டெய்னர் வண்டி ஓட்டுகிறார். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். எங்கள் கன்டெய்னர் யார்டில் அவருக்கு ஆமை என்று பெயர். அவர் வண்டி வாசலில் திரும்புவதைப் பார்த்தாலே பின்னால் வரும் டிரைவர்கள், "ஆமை திரும்புது, டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்று இன்ஜினை அணைத்துவிடுவார்கள். கிரேன்காரர் ஒருமுறை மைக்கிலேயே கேட்டார்: "என்ன மாமா, வண்டியை ஓட்டிட்டு வர்றீங்களா, தள்ளிட்டு வர்றீங்களா?" சித்தப்பா கண்ணாடியை இறக்கி, "பின்னால இருபது டன் கல்லு உக்காந்திருக்குடா. அது சொல்ற வேகத்துலதான் நான் போகணும்" என்றார். அந்த ஆள் அதிவேகமாகத் திருப்பினார் என்று நான் எழுத வேண்டும்.

"என்ன யோசனை?" என்றார் மேனேஜர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எடைத் தாள்ல உன் கையெழுத்துதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ. உனக்காகவும்தான் சொல்றேன். எல்லாரும் பொழைக்கணும்ல? நாளைக்குப் பத்து மணிக்குக் கன்டெய்னர் பெட்டியைக் கல் கம்பெனிக்கே திருப்பி அனுப்பறோம். அவங்க திறந்து சரி பண்ணிடுவாங்க. அதுக்கும் கேட் பாஸ் போட்டு வச்சிடு. இன்சூரன்ஸ் சர்வேயர் நாளன்னைக்குத்தான் வர்றார்."

சரி பண்ணிடுவாங்க என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. எனக்கு எல்லாமே ஒரு நிமிடம் தாமதமாகத்தான் புரியும்.

எங்கள் வேலையை இங்கே சொல்லிவிடுகிறேன். கப்பலில் ஏறும் ஒவ்வொரு கன்டெய்னரின் உண்மையான எடையையும் முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் எது அடியில், எது மேலே என்று அடுக்குவார்கள். எண் பொய்யானால் அடுக்கு பொய். சரக்கு ஏற்றிய வண்டி முதலில் எங்கள் யார்டுக்கு வரும், எடை மேடையில் ஏறிச் சீட்டு வாங்கும், அதற்குப் பிறகு துறைமுகம் போகும். இது சட்டம். ஆனால் கல் கம்பெனிக்காரர்கள் எப்போதும் கடைசி நேரத்தில்தான் பெட்டியைப் பூட்டி சீல் வைப்பார்கள். குறித்த நேரத்துக்குப் பிறகு அந்தக் கப்பலுக்கான சரக்கைத் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். எடை மேடையிலோ எந்நேரமும் வரிசை. ஆகவே எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதே கம்பெனி, அதே கல், அதே அளவுப் பெட்டி என்றால் போன தடவை எடையையே இந்தத் தடவைக்கும் போட்டுவிடுவது. கேட் பாஸின் கடைசிக் கட்டத்தில் 'எடை மேடை: தேவை / தேவையில்லை' என்று இருக்கும். தேவையில்லை என்பதில் டிக் அடித்தால் வண்டி நேரே வெளியே போய்விடும்.

சேர்ந்த முதல் வாரத்தில் நான் கேட்டேன்: "சார், இது தப்பில்லையா?"

"கல்லு என்னம்மா, கர்ப்பமாவா இருக்கு? மாசத்துக்கு மாசம் எடை கூட?" என்றார் மேனேஜர். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை ஏன் எழுதுகிறேன் என்றால், நானும் சிரித்தேன் என்பதை இப்போது நினைத்தால் பல் கூசுகிறது, அதனால்தான்.

நான் மாலை வகுப்பில் ஏற்றுமதி ஆவணப் படிப்பு படிக்கிறேன். அன்றன்று செய்த வேலையை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதச் சொல்லி ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார். மற்றவர்கள் இரண்டு வரி எழுதுவார்கள். நான் இரண்டு பக்கம் எழுதுவேன். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று எனக்குத் தெரிவதில்லை, அதனால் எதையும் விடுவதில்லை. வண்டி சாய்ந்த அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது:

'2.40. கல் கம்பெனியில் சீல் வைத்துவிட்டதாகப் போன். 2.45. போன தடவை எடை போட்டேன், 22 டன். கையெழுத்து. 2.50. கேட் பாஸ். எடை மேடை தேவையில்லை. 3.10. யார்டு வாசலிலிருந்து சித்தப்பா போன். வண்டி மேல்கனமாக ஆடுகிறது, ஒருமுறை எடை போட்டுவிட்டுப் போகட்டுமா என்றார். முன்னால் ஐந்து வண்டி நிற்கிறதே, நான்கு மணிக்கு மூடிவிடுவார்களே, நேரே போங்கள் என்றேன். சரிம்மா என்றார்.'

அந்த 'ம்மா'வைக்கூட விடாமல் எழுதியிருக்கிறேன். மணி மணியான கையெழுத்து. 3.35க்குத் துறைமுகத்துக்கு முன்னால் இருக்கும் வளைவில் வண்டி சாய்ந்தது. மேனேஜரைக் கேட்டுவிட்டா நான் அப்படிச் சொன்னேன்? இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், சொன்னேன். கேட்டிருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார். அதனால் என் தப்பு கொஞ்சமாவது குறையுமா என்று எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். குறையவில்லை.

அறிக்கையைப் பாதியில் விட்டுவிட்டு, "நாளைக்குக் காலையில முடிச்சிடறேன் சார்" என்று சொல்லி ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்று வகுப்புக்குப் போகவில்லை.

பொது வார்டில் ஜன்னல் பக்கத்துக் கட்டில். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து, உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சித்தி ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டை மடித்துப் பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துண்டு மடியில் விழுந்தது.

"வாடி. உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தன் வந்தான். பழம் வாங்கிட்டு வந்தான். வேகமா ஓட்டினதா ஒத்துக்கிட்டா கேஸ் சின்னதா முடிஞ்சிடும், லைசென்ஸ் மட்டும்தான் போகும்னு சொல்றான். மட்டும்தானாம்! இருபத்தாறு வருஷம், ஒரு கீறல் உண்டா இந்த மனுஷன் வண்டியில? கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துக்கே லேட்டா வந்து சேர்ந்த ஆளு இவரு. இவரா வேகமா ஓட்டினாரு? நீ அங்கதானே உக்காந்திருக்க, உனக்கு ஒண்ணும் தெரியாதா?"

"அவளுக்கு என்ன தெரியும், விடு," என்றார் சித்தப்பா, கண்ணைத் திறக்காமல். "குடிக்கத் தண்ணி தீந்துடுச்சு பாரு."

பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. சித்தி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள்.

"போன் பண்ணதை நான் யார்கிட்டயும் சொல்லல," என்றார் அவர். "நீயும் வாயைத் திறக்காத."

"லைசென்ஸ் போயிடும் சித்தப்பா."

"போகட்டும். கால் இப்படி ஆனப்புறம் லைசென்ஸை வச்சு என்ன, விசிறிக்கவா போறேன்?" சிரிக்கப் பார்த்தார், வலியில் முகம் சுருங்கியது. "ஆமை பறந்துச்சுன்னு எழுதப் போறாங்களாமே. எழுதட்டும். இப்பவாவது ஒரு மரியாதை கிடைச்சுதே."

"எவ்ளோ வேகத்துல வந்தீங்க?"

"பதினஞ்சு. அதுகூட இருக்காது. உள்ள கல்லு நகர்ற சத்தம் கேட்டுச்சு. மேலே ஒரு அடுக்கு அதிகமா ஏத்தியிருக்கானுங்க, வாசல்லயே எனக்குத் தெரிஞ்சது. அப்புறம் முன்கண்ணாடியில ரோடு இல்ல, வானம்தான் இருந்தது." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "உனக்கு இப்பதான் வேலை நிரந்தரம் ஆகப் போகுது. படிப்பு வேற முடியப் போகுது. எனக்கென்ன. விடும்மா."

எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். கோபம்தான் வந்தது. மேனேஜர் மேல் வந்தது, கல் கம்பெனிக்காரன் மேல் வந்தது, பழம் வாங்கிக்கொண்டு வந்தவன் மேல் வந்தது. ஆனால் எல்லாரையும்விட அதிகமாக இந்த மனிதர் மேல்தான் வந்தது. முறிந்த காலைத் தூக்கி எனக்குப் பரிசாகக் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, நோட்டில் நேரத்தோடு எழுதிவைத்துவிட்டு, மறுநாள் அதே நாற்காலியில் உட்கார வேண்டுமாம். வேலை போனால் போகிறது என்று சொல்ல இவருக்கு மட்டும்தான் உரிமையா? 'சரிம்மா' என்று அன்றைக்கு ஏன் சொன்னார்? 'முடியாது, போடி, எடை போடாமல் வண்டியை நகர்த்த மாட்டேன்' என்று ஏன் கத்தவில்லை? அப்படி நினைத்த உடனேயே, என் தப்பை இப்போது இவர் தலையிலேயே கட்டப் பார்க்கிறேனே என்று என் மேலேயே எரிச்சல் திரும்பியது. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தேன். கையை எடுத்தபோது உள்ளங்கையில் பெயின்ட் ஒட்டியிருந்தது.

சித்தி தண்ணீரோடு வந்தாள். "என்னடி பேசினீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல சித்தி," என்றேன். அந்தச் சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் எட்டரைக்கே அலுவலகம் போய்விட்டேன். ஜன்னல் வழியாக யார்டில் அந்தப் பெட்டி தெரிந்தது. ஒரு பக்கம் முழுக்க நசுங்கி, பச்சை பெயின்ட் உரிந்து, வேறொரு வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. அதை நிமிர்த்த இரண்டு கிரேன் வேண்டியிருந்ததாம். இருபத்திரண்டு டன் பெட்டிக்கு எதற்கு இரண்டு கிரேன் என்று யாருமே கேட்கவில்லை. கதவில் சீல் அப்படியே இருந்தது. உள்ளே கல் எல்லாம் நொறுங்கிப் போயிருக்கும். ஆனால் நொறுங்கிய கல்லும் அதே எடைதான். பத்து மணிக்கு அது கல் கம்பெனிக்குப் போய், அதிகப்படிக் கல்லை இறக்கிவிட்டால், நாளை சர்வேயர் பார்க்கும்போது அது சரியாக இருபத்திரண்டு டன் இருக்கும்.

முந்தைய நாள் அறிக்கையைத் திறந்தேன். 'அதிவேகமாக' என்பதை அழித்தேன். பிறகு மொத்தத்தையும் அழித்துவிட்டு, நோட்டை விரித்து வைத்துக்கொண்டு 2.40லிருந்து அடித்தேன். 3.10 வந்ததும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். 'எடை போட வேண்டும் என்று ஓட்டுநர் கேட்டார். வேண்டாம் என்று சொன்னது நான்' என்று அடித்து, கீழே என் பதவியையும் கையெழுத்தையும் போட்டேன். தேதி சரியா என்று மூன்று முறை பார்த்தேன். ஒரு பிரதி சர்வேயர் அலுவலகத்துக்கு மெயிலில் போனது. இன்னொன்றை மேனேஜர் மேசையில், அவருடைய கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்தேன். இதற்கெல்லாம் தைரியம் வேண்டும் என்பார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

கடைசியாகக் கேட் பாஸ். ஒன்றரை வருடத்தில் கல் கம்பெனிப் பெட்டி ஒன்றுக்குக்கூட நான் தொடாத கட்டம் அது. தேவை என்பதில் டிக் அடித்து, தாளை எடுத்துக்கொண்டு நானே கீழே இறங்கினேன்.

மாற்று வண்டியின் டிரைவர், சித்தப்பாவைப் பார்த்து ஹாரன் அடித்துக் கலாய்ப்பவர்களில் முதல் ஆள். தாளை வாங்கிப் படித்து, புருவத்தை உயர்த்தினார். "எடை மேடையா? என்னம்மா இது, என்னைக்கும் இல்லாத திருநாளா? சார் சொன்னாரா?"

"தாள்ல இருக்கு அண்ணே. ஏத்துங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நசுங்கிய பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "ஆமை மாமா எப்படி இருக்காரு?"

"கால் ரெண்டு இடத்துல."

அவர் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். எப்போதும் புழுதி பறக்க எடுப்பவர், அன்று கிளட்சை விட்ட விதத்தில் வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. வரிசையில் நின்ற இரண்டு டிரைவர்கள் தாங்களாகவே ஒதுங்கி வழி விட்டார்கள்.

எடை மேடைக்காரர் கூண்டுக்குள்ளிருந்து என் தாளைப் பார்த்தார். "வெறும் வண்டி பதினாலு. நீங்க போட்டது இருபத்திரண்டு. மொத்தம் முப்பத்தாறு வரணும், இல்லையா?"

"வரணும்," என்றேன்.

முன்சக்கரங்கள் இரும்புப் பலகையில் ஏறின. கூண்டின் நெற்றியில் சிவப்பு எண்கள் விழித்துக்கொண்டன. என் பைக்குள் போன் அதிர ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்த்தேன், மாடி ஜன்னலில் மேனேஜர் நின்றிருந்தார், ஒரு கையில் போன், ஒரு கையில் காகிதம். நோட்டை எடுத்து 9.52 என்று எழுதினேன். அவசரத்தில் 2 கோணலாக விழுந்தது, திருத்தவில்லை.

பலகை முனகியது. இருபது. இருபத்தெட்டு. வண்டி அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. முப்பத்து மூன்று. போன் நின்று, மறுபடி அதிர்ந்தது. மாடி ஜன்னலில் இப்போது யாரும் இல்லை. படிக்கட்டில் யாரோ தடதடவென்று இறங்கும் சத்தம். டிரைவர் தலையை வெளியே நீட்டி, என்னைப் பார்க்காமல், கூண்டின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து. முப்பத்தாறு.

முப்பத்தேழு. கடைசி அச்சின் சக்கரங்கள் இன்னும் தரையில் இருந்தன.