ருக்குவின் இடத்தில் ஓர் உருளை

1964 ஜனவரியில் மாதுங்கா தெலங் சாலையில் ஒரு மாடிக் கட்டடத்தின் முன்னால், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத சிவப்புப் பந்தயக் கார் ஒன்றை ஒரு மெக்கானிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனான்.

சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அதை வாங்கியவன் ஜம்பு. அவன் மனைவி ருக்கு அடுத்த நாளே பஸ் பிடித்துச் செம்பூருக்குப் போய், அக்கா அம்மிணியின் குழந்தைக்கு நடக்கவிருந்த ஆயுஷ்ஹோமத்துக்குக் காரில்தான் வருவோம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அக்காவின் கணவர் வெங்கடராமனுக்குச் சிரிப்பு வந்தது.

"காரா, சோப்புப் பெட்டியா? வர்ற வழியில யாராவது எடுத்துப் பையில போட்டுண்டு போயிடப் போறா" என்றார்.

அத்திம்பேர் வாசலில் நிற்கும்போது அந்தக் காரிலிருந்து இறங்க வேண்டும். ருக்குவுக்கு வேறு எந்த நினைப்பும் இல்லாமல் போயிற்று.

ஜம்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நெருப்புப் பிரிவில் இருந்தான். சிவ்ரியின் பஞ்சுக் கிடங்குகளில் தீயணைப்புக் கருவிகள் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பது வேலை. தீயைத்தான் அவன் பார்த்ததில்லை. அவன் போகும்போது எரிந்து முடிந்திருக்கும், அல்லது எரியவே ஆரம்பித்திருக்காது. சொந்தக் கல்யாணத்தில் ஹோமகுண்டத்துக்குப் பக்கத்தில் மணல் வாளி வைக்கச் சொன்னவன் அவன். அதற்கு எந்த மந்திரம் சொல்வது என்று சாஸ்திரிகள் திண்டாடியது ருக்குவுக்கு நினைவிருந்தது. கருவி வாங்காமல் காரைக் கிளப்பப்போவதில்லை என்று அவன் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. சின்னதாக ஒன்று வாங்கினால் தீர்ந்தது.

தாராவியில், உடைத்த கப்பல்களின் சாமான்களை விற்கும் பிரம்மநாயகத்தின் கடைக்கு இருவரும் நடந்தே போனார்கள். ருக்கு உடனே ஒரு பித்தளைப் பம்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். சப்பாத்திக் குழவி அளவுதான் இருந்தது. அதிலுள்ள திரவம் நெருப்பில் பட்டால் விஷப் புகையாகும், அடைத்த இடத்துக்கு ஆகாது என்றான் ஜம்பு.

"வண்டிக்குக் கூரையே இல்லையேன்னா."

"மழைக்காலத்துல கித்தான் போட்டுப்போமோல்லியோ?"

அடுத்தது தண்ணீர் பீய்ச்சுவது. பெட்ரோல் தீயில் தண்ணீர் பட்டால் பரவும். கடைசியில் இடுப்பளவு உயரமான ஒரு சிவப்பு உருளையின் முன் ஜம்பு நின்றுவிட்டான். அது நுரை கக்கும். தலைகீழாகக் கவிழ்த்தால் வேலை செய்யும் என்பதால் மற்ற நேரமெல்லாம் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அவன் அதைத் தட்டினான், சுற்றி வந்தான், குனிந்து பார்த்தான். பெண் பார்க்க வந்த அன்று தன்னை அவன் இவ்வளவு நேரம் பார்க்கவில்லை என்று ருக்கு நினைத்துக்கொண்டாள்.

பிரம்மநாயகம் காரின் அளவைக் கேட்டார். ருக்கு கைகளை விரித்துக் காட்டினாள்.

"சாமி, வண்டிக்கு இத வாங்குதியளா, இதுக்கு வண்டி வாங்கியிருக்கியளா?" என்றார் அவர்.

உருளை கைவண்டியில் மாதுங்கா வந்து சேர்ந்தது. காரில் அது நிமிர்ந்து நிற்க ஒரே இடம்தான் இருந்தது. ஜம்பு பழைய வேஷ்டி ஒன்றால் அதை ருக்குவின் இருக்கையோடு சேர்த்துக் கட்டினான். ஹோமத்துக்கு அவளை டாக்ஸியில் வரச் சொன்னான்.

ருக்கு அவனோடு பேசுவதை நிறுத்தினாள். ஹோமத்துக்கு முதல் நாள்தான் வாயைத் திறந்தாள்.

"அது டாக்ஸியில வரட்டும். நான் கார்ல வரேன்."

ஜம்பு யோசித்தான். ஆபத்துள்ள இடத்திலிருந்து ஐம்பது அடிக்குள் கருவி இருக்க வேண்டும் என்பது கிடங்கு விதி. ஆபத்தின் மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

டாக்ஸிக்காரன் முகம்மது ஹனீப் கல்யாண வெள்ளாடுகளை ஏற்றிப் பழகியவன். உருளையைப் பின்சீட்டில் நிமிர்த்தி வைத்து, மீட்டரைப் போட்டு, ஐம்பது அடி இடைவெளியில் பின்தொடர்ந்தான். ருக்கு பட்டுப்புடவையில் ஜம்புவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சயான் தாண்டும்வரை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

செம்பூர் நாக்காவைக் கடந்ததும் டாக்ஸியின் முன்மூடியிலிருந்து புகை வந்தது. ஹனீப் எஞ்சினருகே மறந்து வைத்த எண்ணெய்த் துணி பற்றி எரிந்தது. ஜம்பு காரை நிறுத்திவிட்டு ஓடினான். அவன் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை ருக்கு அதுவரை கண்டதில்லை. உருளையைத் தூக்கிக் கவிழ்த்தான். துணி, எஞ்சின், ஹனீப், ஜம்பு எல்லாமே நுரையில் மறைந்தன. தீ அணைந்தது. டாக்ஸி அதன்பின் கிளம்பவில்லை.

நுரையை வழித்துக்கொண்டே வந்த ஜம்பு, இனி நடந்துதான் போக வேண்டும் என்றான். கருவி காலி. காரைக் கிளப்ப முடியாது.

ருக்கு இறங்கவில்லை.

"எஞ்சின் ஓடினாத்தானே தீப்பிடிக்கும்? ஓட வேண்டாம். தள்ளுங்கோ."

இதை மறுக்கும் விதி ஜம்புவுக்கு அகப்படவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒருவர் வேண்டியிருந்ததால் ருக்கு அவன் இடத்துக்கு நகர்ந்துகொண்டாள். காலி உருளையை ரோட்டில் விட மனமில்லாமல் ஜம்பு அதை அவளுடைய இருக்கையில் வைத்தான். டாக்ஸியை ஓரங்கட்டிவிட்டு வந்த ஹனீபும் அவனும் பின்னாலிருந்து தள்ளினார்கள்.

வெங்கடராமன் வாசலில் நின்றிருந்தார். கார் சத்தமில்லாமல் வந்து அவர் முன்னால் நின்றது. ருக்கு இறங்கி, தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வந்துட்டோம் அத்திம்பேர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஹோமம் முடிந்து இலை போட்டிருந்தார்கள்.