ஒத்துவராத எண்கள்

1

இந்தக் கதை என் பெரியம்மா மகள் கொடுத்தது. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "எழுதிக்கோ. ஆனா என்னை ரொம்ப நல்லவளா எழுதிடாதே" என்று ஒரு நிபந்தனை வேறு. அதனால் முதல் வரியிலேயே தடுமாறுகிறேன்.

'அந்தக் குரலுக்காக அவளுடைய ஒவ்வொரு பகலும்...' (அடித்துவிட்டேன். அக்கா படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.)

நேராகவே சொல்கிறேன். அக்கா ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டரில் பொருத்தும் டிஸ்க் கன்ட்ரோலர் என்ற அட்டை எவ்வளவு வேகமாக வட்டுகளில் எழுதுகிறது என்று அளப்பது அவள் வேலை. அளவில் பிசகு வராததால் ஆபீஸில் அவளுக்குத் 'தராசு' என்று பெயர். விவாகரத்துக்குப் பிறகு தனியாக இருக்கிறாள். [இந்த வரி தேவையா? தேவைதான். பேச ஆளில்லாத வீட்டுக்குத் திரும்புகிறவள் அவள்.]

2

புது அட்டை ஒன்று வந்தது. அதே அட்டை, அதே வட்டுகள், அதே சோதனை. காலையில் ஓட்டினால் ஆமை. மதியம் ஓட்டினால் குதிரை. வேறு ஊரில், அதை உருவாக்கிய கிளையில், எப்போது ஓட்டினாலும் குதிரைதான். "உங்களுக்கு ஓட்டத் தெரியுதா இல்லையா?" என்று மேனேஜர் அவளைக் கேட்டே விட்டார்.

அந்தக் கிளையிலிருந்து போனில் பேசியவர்தான் தாடி. (இப்போது தாடி கிடையாது. மழித்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டதாம்.) அக்கா அவரை நேரில் பார்த்ததில்லை.

"மேடம், கேபிள மாத்திப் பாத்தீங்களா?"

"மாத்தியாச்சு சார். டிஸ்க்கையும் மாத்தியாச்சு. நீங்க சாப்டீங்களா?"

அந்தக் கடைசிக் கேள்வி எப்போது பேச்சுக்குள் நுழைந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தினமும் மதியம் போன் வரும். முதலில் எண்கள். பிறகு, மனைவி இறந்தபின் அவர் சமைக்கக் கற்றுக்கொண்ட கதை, மகள் அதை வாயில் வைக்க மறுத்த கதை.

இவ்வளவு இனிமையான ஆளை வாசகர் நம்புவாரா? அக்காவிடமே கேட்டேன்.

"இனிமையா? ஒரு வார்த்தை முழுசாப் பேச விடமாட்டாரு. அப்புறம் 'சொல்லுங்க, சொல்லுங்க'ன்னு கெஞ்சுவாரு."

துணி மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

3

ஒரு காலையில் காரணம் பிடிபட்டுவிட்டது. எழுத வேண்டியதை அட்டை முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு வட்டுக்குத் தள்ளும். அதனால்தான் வேகம். கரண்ட் போனால் அந்த நினைவகத்தைக் காப்பாற்ற ஒரு சின்ன பேட்டரி உண்டு. அதில் சார்ஜ் குறைந்தால் அட்டை துணியாது. நேரே வட்டில் எழுதும், மெதுவாக. அக்காவின் கூடத்தில் வீட்டுக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிடும்; மதியத்துக்குள் மறுபடி ஏறிவிடும். தாடியின் கூடத்தில் எதையும் அணைப்பதே இல்லை.

அன்று மதியம் போன் வந்தது. அவள் சொல்லவில்லை.

'அன்பினால் மனிதர்கள் செய்யும் பிழைகளை நாம்...' (வேண்டாம். கட்டுரை வாடை அடிக்கிறது.)

"இன்னும் பாத்துட்டுதான் இருக்கேன் சார்" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கடுத்த நாள் தாடியின் குரல் உடைந்திருந்தது.

"மேடம், மேலிடத்துல இந்தக் கார்டே வேண்டாம்னு சொல்லப் போறாங்க போல. எங்க டீமையே கலைச்சிடுவாங்க. பசங்க மூஞ்சியப் பாக்க முடியல."

அதற்கு மேல் அக்கா மறைக்கவில்லை.

"பேட்டரிதான் சார்" என்று எல்லாவற்றையும் விளக்கினாள். பிறகு, "எனக்கு முந்தாநாளே தெரியும்" என்றாள்.

"முந்தாநாளேவா? ஏன் சொல்லல?"

"சொல்லிட்டா நீங்க போன் பண்ண மாட்டீங்களே."

4

ராத்திரி முழுக்கத் தாங்கும் பேட்டரியாக மாற்றினார்கள். இரண்டு ஊர் எண்களும் ஒத்துப்போயின. அட்டை பிழைத்தது, டீமும் பிழைத்தது.

ஆனால் அவள் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்துக்குத் தாடி என்ன சொன்னார்?

ஒரு முடிவில் அவர் கோபத்தில் போனை வைத்துவிடுகிறார். (எழுதினேன், கிழித்தேன்.) இன்னொன்றில் ரயிலேறி வந்து நிற்கிறார். (அதைப் படித்த அக்கா, "டிக்கெட் நீ எடுத்துக் குடுத்தியா?" என்றாள்.)

"அப்ப என்னதான் சொன்னாரு?"

"சொன்னாரு. அத மட்டும் எழுதத் தரமாட்டேன் போ."

ஆகவே, நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள். மறுமுனையில் இருப்பது என் அக்கா.