நான்காம் மேஜையின் ராஜினாமா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேறொரு கதையைப் பாதியில் கைவிட்டபோது கிடைத்த கதை இது. அதில் ஒரு கப்பலும் இரண்டு கொலைகளும் இருந்தன. பதினான்காம் பக்கத்தில் கொலைகாரன் யார் என்பது எனக்கே மறந்துபோனது. 'சரி, மூட்டை கட்டிவிடலாம்' என்று ஓரத்தில் எழுதினேன். பிறகு, மூட்டை கட்டுவதா, முழுக்குப் போடுவதா, கைகழுவுவதா என்று யோசிக்க உட்கார்ந்தேன். விட்டு ஓடுவதற்கு நம்மிடம் இத்தனை சொற்களா என்று மலைப்பாக இருந்தது. ஓடாமல் நிற்பதற்கு இரண்டுதான் நினைவுக்கு வந்தன.

2

முதல் தொடக்கம்: மீசைக்கார அகராதி ஊழியர் ஒருவர் ஜன்னல் வழியே வானத்தை — (வேண்டாம். இவர் வேலையை விட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.)

இரண்டாம் தொடக்கம்: வழக்குச்சொல் அகராதி அலுவலகத்தில் நான்காம் மேஜைக்காரி பதினோரு வருடங்களாக ஒரே தொகுதியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். விட்டுவிடுதல், பின்வாங்குதல், சரணடைதல் குறித்த சொற்கள் அடங்கிய தொகுதி. அது முடிகிற வழியைக் காணோம். அவளுடைய அக்கா வேறு ஊரில் சலவைக் கடை எடுத்திருக்கிறாள். வருகிற திங்கட்கிழமை திறப்பு. "நீ வந்தா ரெண்டு பேருமா நடத்தலாம். இல்லேன்னா சாவியைத் திருப்பிக் குடுத்துடறேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். காலையில் அழுக்காக வரும் சட்டை சாயங்காலம் சுத்தமாகத் திரும்பிப் போகும். அன்றைக்கே முடிகிற வேலை. நினைத்தாலே அவளுக்கு மனம் குளிர்ந்தது.

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்ப வேண்டியதுதானே என்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன். "பதினோரு வருஷம் சேர்ந்து டீ குடிச்சிருக்கோம். அவர் சரின்னு சொல்லாம எப்படிங்க போறது?" என்று என்னை முறைத்தாள்.

3

'அவர்' என்பது தலைமைத் தொகுப்பாளர். அலுவலகத்தில் அட்டை ஐயா என்றால்தான் தெரியும். அங்கே ஒரு விதி: யாராவது உண்மையில் சொன்னதற்குச் சான்று இல்லாமல் எந்தச் சொல்லும் அகராதியில் ஏறாது. யார், எங்கே, எதற்காகச் சொன்னார் என்று அட்டையில் எழுதி இழுப்பறையில் போட வேண்டும். இதில் ஐயா மகா கறார்.

கடை திறப்புக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, திங்களன்று அவள் கடிதம் கொடுத்தாள்: 'ஐயா, நான் கடையைக் கட்டுகிறேன்.'* அவர் இரண்டு முறை படித்தார். அட்டை எடுத்தார். 'கடையைக் கட்டு. சொன்னவர்: பெண், நான்காம் மேஜை. எழுத்து வழி.' இழுப்பறையில் போட்டுவிட்டு, "இதுக்கு நல்ல சான்றே இல்லாம இருந்துச்சு. ரொம்ப நன்றிம்மா" என்றார்.

(* 'ராஜினாமா செய்கிறேன்' என்று எழுதித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். பதினோரு வருடம் மிட்டாய்க் கடையில் இருந்தவள் வெறும் சர்க்கரையையா நீட்டுவாள்?)

செவ்வாயன்று நேரில் போனாள். "ஆளை விடுங்க சாமி."

"பேச்சு வழக்கு. இன்னொரு தடவை மெதுவாச் சொல்லும்மா, எழுதிக்கறேன்."

புதனன்று ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் மேஜைக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். 'புறமுதுகு காட்டு. செயல் வழிச் சான்று' என்று எழுதிய ஐயா, செயல்களுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கலாம் என்றார். தொகுதி இன்னும் ஒரு வருடம் நீண்டது.

4

வியாழனன்று நடந்ததற்கு அவளேதான் காரணம். பேசப் போனவள், மேஜைமேல் கிடந்த ஓர் அட்டையைப் பார்த்துவிட்டாள். 'ஜகா வாங்கு: தோல்வியை ஒப்புக்கொள்' என்றிருந்தது. பார்த்தும் பார்க்காததுபோல் இருக்க அவளால் முடியவில்லை.

"இது தப்புங்கய்யா. ஜகா வாங்குறதுன்னா வரேன்னு ஒத்துக்கிட்டு அப்புறம் நழுவுறது. தோக்கறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்ப அம்பேல்?"

"அதைக் குழந்தைங்க விளையாட்டுல போடணும்."

"பெரியவங்களும் சொல்லுவாங்களேம்மா."

மதியம்வரை சண்டை. டீ வந்தது, போனது. தன் மேஜைக்குத் திரும்பி ஆறு அட்டைகளைத் திருத்தி முடித்த பிறகுதான், வந்த காரியத்தைச் சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள்.

5

(இந்தப் பகுதியில் ஒரு கனவு இருந்தது. எடுத்துவிட்டேன். நன்றியெல்லாம் வேண்டாம்.)

6

வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி.

"ஐயா, நாளையிலேர்ந்து நான் வேலைக்கு வர மாட்டேன்."

அவர் அட்டை எடுத்தார். 'நான்காம் மேஜை' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது.

"இதுல வழக்குச்சொல் எதுவும் இல்லையேம்மா."

"வேணும்னுதாங்கய்யா போடலை."

"அப்ப இதை எந்த இழுப்பறையில போடறது?"

"எதுலயும் வேண்டாம். பதில் சொன்னாப் போதும்."

ஐயா பேனாவை மூடினார். அவர் முகம் வாடிவிட்டது. ஐந்து நாளும் அவருக்கு எல்லாம் புரிந்தேதான் இருந்திருக்கிறது. மண்டூகம் என்று நினைத்து இத்தனை நேரம் அவரை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

7

முடிவு (அ): 'சரி, போம்மா' என்கிறார். எழுதினேன். அவர் வாயில் அது நிற்கவில்லை.

முடிவு (ஆ): அவள் மனம் இளகி இருந்துவிடுகிறாள். இதையும் எழுதினேன். "அங்க எங்க அக்கா ஒத்தையில சாவியோட நிப்பா. நீங்க வந்து தேச்சுக் குடுப்பீங்களா?" என்று என்மேல் சீறினாள். அடித்துவிட்டேன்.

முடிவு (இ): ஐயா மெல்ல எழுந்து —

இல்லை, என்னால் முடியவில்லை. அவர் வாயிலிருந்து வரவேண்டிய அந்த ஒரு வார்த்தையை நீங்களே எழுதிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அந்த அறையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட மறந்துவிட்டேன். அப்போதிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள்.