மாற்றிய கடவுச்சொல்

ப்ளோவ்டிவ் நகரத்து மொத்தக் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குகிறவன் நான். காலையில் நாற்பது பேர் வாசலில் நிற்போம். மேஸ்திரி ராங்கெல் யார் பெயரைச் சொல்கிறானோ அவனுக்கு அன்றைக்கு வேலை. அவனுக்குப் பிடிக்காதவன் திரும்பிப் போக வேண்டியதுதான்.

இதை மாற்றத்தான் ஸ்னேஜானா செயலி எழுதினாள். அவள் அப்பனும் எங்களோடு மூட்டை சுமந்தவன். எல்லாருக்கும் முறை வைத்து வேலை பிரிக்கும் செயலி. வெள்ளிக்கிழமைக்குள் அது போனின் செயலிக் கடையில் வந்துவிட்டால் சந்தை நிர்வாகம் ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் இன்னும் ஓராண்டு ராங்கெல்தான்.

செயலிக் கடைக்காரர்கள் செயலிக்குள் நுழைந்து பார்த்துவிட்டுத்தான் அனுமதி தருவார்கள். அவர்கள் நுழைவதற்கு ஒரு மாத வேலை பதிந்திருந்த என் கணக்கையும், அதற்கு அவளே போட்ட கடவுச்சொல்லையும் கொடுத்தாள்.

"ஸ்டாமென் அண்ணே, உங்க பேர்லதான் பாப்பாங்க. எதையும் மாத்திடாதீங்க."

"நானா? எனக்கு எழுத்தே போன வருஷந்தான் வந்துச்சு."

அந்த வாரம் நான் படிக்கும் மாலை வகுப்பில் கடவுச்சொல் பாடம். வீட்டுச் சாவி மாதிரி, அந்நியர் கையில் இருந்தால் மாற்றிவிடுங்கள் என்றார் ஆசிரியை. எல்லாரும் போனை எடுத்தார்கள். ஸ்னேஜானா சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரிகள் மளமளவென்று மாற்றும்போது நான் மட்டும் தெரியாதவன்போல் உட்கார மனம் வரவில்லை. செயலியில் என் கடவுச்சொல்லை மாற்றினேன். ஆசிரியை பார்த்துவிட்டு முதுகில் தட்டினார்.

ஆறு நாள் காத்திருந்து செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. உள்ளே நுழைய முடியவில்லையாம், செயலி திருப்பி அனுப்பப்பட்டதாம். காப்பிக் கடையில் ஸ்னேஜானா கொதித்தாள்.

"ஆறு நாள் தூங்கிட்டு, கண்ண மூடிக்கிட்டுத் தட்டியிருக்காங்க. அண்ணே, நீங்க ஒண்ணும் தொடலையே?"

"இல்ல" என்றேன்.

அவள் நுழைந்துகூடப் பார்க்கவில்லை. என் வார்த்தையே போதுமென்று இருந்துவிட்டாள். 'கடவுச்சொல் சரிதான், கண்ணைத் திறந்து பாருங்கள்' என்று அவர்களுக்கு எழுதினாள். வீட்டுக்குப் போய்ப் பழையபடி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பழைய சொல் எனக்கு எங்கே தெரியும், அதைப் போட்டது அவள். அவளைத்தான் கேட்க வேண்டும். கேட்கவில்லை. புதன்கிழமை முழுவதும் வெங்காய மூட்டை தூக்கினேன். அந்த 'இல்ல' அதைவிடக் கனத்தது.

வியாழக்கிழமை இரண்டாவது முறையும் திருப்பி அனுப்பினார்கள். அன்று மதியம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. போனை வாங்கி இரண்டு நிமிடத்தில் சரிசெய்தாள்.

"செவ்வாக்கெழமையே சொல்லியிருந்தா போதும்ணே."

அவசரமாகப் பார்க்கும்படி கெஞ்சி எழுதினாள். அதற்கு நேர் மேலே அவள் திட்டி எழுதிய வரி அப்படியே இருந்தது. மன்னிப்பும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைதான் அனுமதி வந்தது. வெள்ளிக்கிழமையே நிர்வாகம் ராங்கெலோடு கையெழுத்துப் போட்டுவிட்டது.

திங்கட்கிழமை வாசலில் எல்லாரும் செயலிக் கடைக்காரர்களைத்தான் ஏசிக்கொண்டிருந்தார்கள். ஸ்னேஜானா என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை.

"எங்கயோ நாற்காலியில சாஞ்சிக்கிட்டு நம்ம வயித்துல அடிக்கிறானுக, சோம்பேறிப் பசங்க" என்றான் மிலாதின். ராங்கெல் அவன் பெயரைக் கூப்பிட்டு மூன்று வாரமாகிறது. "அந்தப் பொண்ணு பாவம், ராத்திரி பகலா ஒழச்சுது."

"அவங்க இல்ல மிலாதின், நான்தான். கடவுச்சொல்ல மாத்துனேன். கேட்டப்ப இல்லேன்னு பொய்யும் சொன்னேன்."

மிலாதின் என் பக்கம் திரும்பினான்.

"வெளையாடாத."

"வெளையாட்டில்ல."

அதற்குள் ராங்கெல் பட்டியலோடு வந்தான். முதல் பெயர் என்னுடையது. மிலாதின் என்னைப் பார்க்காமல் ஓரடி நகர்ந்து, நான் உள்ளே போக வழிவிட்டான்.