விளிம்புக்கு விளிம்பு

தையல்காரர் சட்டையில் ஒட்டியிருக்கும் அளவுச் சீட்டை என்றைக்கும் நம்பியதில்லை. டேப்பைத்தான் நம்புவார். மனைவி இறந்துபோனதிலிருந்து நின்றே கிடந்த காரின் டயர் வெடித்திருந்தபோதும் அப்படித்தான். ஸ்டெப்னியும் விரிசல் விட்டிருந்தது.

மகள் அன்று மதியம் ரயில் மாறும் இடைவெளியில் வருவதாகச் சொல்லியிருந்தாள். "ஸ்டேஷனுக்குக் காரோட வந்துடுங்கப்பா, வீட்டுல ஒருவாய் சேர்ந்து சாப்பிடலாம்." விடிந்ததுமே சமைத்து, இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

"டயர்மேல இருக்கிற நம்பரைப் படிங்க" என்றார் போனில் டயர்கடைக்காரர்.

185/65 R15. முதல் எண், மில்லிமீட்டரில் டயரின் அகலம். அடுத்தது பக்கச்சுவரின் உயரம். அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு. கடைசி எண் மட்டும் அங்குலத்தில், டயர் மாட்டும் ரிம்மின் விட்டம். தையல்காரர் ரிம்மின் குறுக்கே டேப் பிடித்துப் பார்த்தார். பதினாறு காட்டியது. முதல் இரண்டு எண்களையும் படித்துவிட்டு, கடைசிக்குத் தன் டேப்பின் கணக்கைச் சொன்னார்.

வேனில் வந்த கடைக்காரர் பழைய டயரைக் கழற்றிப் புதியதைப் போட்டார். அது தொளதொளவென்று ஆடியது.

"என்ன பெரியவரே, தம்பிக்கு அண்ணன் சட்டையைப் போட்ட மாதிரி இருக்கு! எங்க அளந்தீங்க?"

"விளிம்புக்கு விளிம்பு."

"விளிம்பு டயர் நழுவாம இருக்க தூக்கி விட்டது. டயர் உக்கார்றது அதுக்கு உள்ள, இந்தத் தாழ்ந்த படியில. இங்க அளக்கணும். நீங்க காலரை முனைக்கு முனையாவா அளப்பீங்க?"

"சேச்சே! பட்டன்ல இருந்து காஜா ஓட்டை வரைக்கும்…" சொல்லும்போதே தையல்காரர் குனிந்து அந்தப் படியைப் பார்த்தார்.

"பதினஞ்சு இஞ்ச் டயர் கடையிலதான் இருக்கு. நடுவுல இன்னும் ரெண்டு வண்டி பாக்கணும். சாயங்காலம் கொண்டு வர்றேன்."

ஊருக்கு வெளியே இருக்கும் அந்த வீட்டுக்கு வாடகை வண்டி வந்து சேர்வதற்குள் மகளின் அடுத்த ரயில் கிளம்பிவிடும். மகளுக்கு போன் செய்தார்.

"பரவாயில்லப்பா. அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றாள். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது.

வாசலில் உட்கார்ந்து, மொட்டை ரிம்மின் உட்படியில் டேப்பை வைத்தார். பிசகில்லாமல் பதினைந்து. நிமிர்ந்து பார்த்தார். சொல்ல ஆளில்லை. போனை எடுத்துக் கடைக்காரரை அழைத்தார்.

"தம்பி, பதினஞ்சுதான்."

"அதான் எனக்குத் தெரியுமே!"

"ஆமாமா…" தையல்காரர் டேப்பை விரலில் சுற்றினார். "சாயங்காலம் சாப்பிடாம வாங்க. ரெண்டு பேருக்குச் சமைச்சது இருக்கு."