தலை அறுத்த தூண்கள்

1

2019 அக்டோபர் 17, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். மேகமற்ற வானம்; லேசான காற்று. இக்கதை பிறந்த இடத்தை ஒளிக்க மாட்டேன்: உல்லாசப் படகுகளைக் கட்டி நிறுத்தும் துறை ஒன்றில் தேநீர் அருந்தியபோது, தூண்களின் தலைகள் அறுக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். விருந்தினருக்குக் கடலை மறைக்கின்றனவாம். மற்றதெல்லாம் கற்பனை.

(அறியாதவர்களுக்கு: படகுகள் கட்டப்படும் மேடை மிதப்பது. தூண்களைச் சுற்றிய வளையங்களோடு அது நீர்மட்டத்துக்கேற்ப ஏறி இறங்கும். நீர் தூணுக்கு மேல் உயர்ந்தால் வளையங்கள் கழன்று, மேடை எல்லாப் படகுகளையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டுவிடும்.)

2

புயலுக்கு முந்தைய அமைதியில் அந்தத் துறை... இல்லை. எந்தத் துறைதான் அப்படி இருந்ததில்லை? அந்த வாக்கியத்தைக் கைவிடுகிறேன்.

துறை அண்ணனுடையது; மேற்பார்வை தங்கையுடையது. இரவுக்குள் கடல் பொங்கும் என்று எச்சரிக்கை வந்ததிலிருந்து அவள் படகு படகாகப் போய், ஆற்றுக்குள் ஒதுங்கும்படி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவரும் அசையவில்லை. படகிலேயே குடியிருக்கும் 'கேப்டன்' (அலைதடுப்புச் சுவரைத் தாண்டி அறியாதவர்) மட்டும் பதில் சொன்னார்.

“வானம் பளிச்சுன்னு இருக்கும்மா. உங்கண்ணன் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும், கெளம்புறேன். இல்லன்னா இங்கதான் தூக்கம்.”

3

கேப்டனைக் கோமாளியாக்கிவிட்டேனோ என்று ஐயம். இருக்கட்டும், கோமாளிக்கும் நீரில் மூச்சு முட்டும்.

தங்கை உத்தரவைத் தட்டச்சு செய்து அண்ணனின் மேசையில் வைத்தாள். அவர் விரல் இரண்டாம் வரியில் நின்றது: ‘தூண்கள் குட்டையாக்கப்பட்டிருப்பதால் மேடை கழன்றுபோகக்கூடும்.’ அறுக்கச் சொன்னவர் அவரே. வேண்டாமென்று அவள் அன்று தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

“இந்த வரி எதுக்கு? புயல்னு மட்டும் போடு.”

“அதத்தான் காலைலேருந்து சொல்றேன். எவன் நகந்தான்?”

“ஊரே சிரிக்கும்டி.”

“சிரிக்கட்டும் அண்ணா. சிரிக்கிறதுக்கு உயிரோட இருக்கணும்ல.”

சன்னலுக்கு வெளியே, வளையங்கள் தூண்களில் ஏறத் தொடங்கியிருந்தன.

4

கதையின் முதல் வரைவில் அண்ணன் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டார். கேப்டன் படகிலேயே படுத்தார். இரண்டாவதில் அண்ணன் மனம் திருந்தி அழுதார், நானே நம்பவில்லை. மூன்றாவதில் நீர் உயரவேயில்லை, அது ஏமாற்று.

இது நான்காவது. அண்ணன் பேனாவைத் திறந்தார். முனை இரண்டாம் வரியின்மேல் நின்றது. முனை கீழே இறங்கிக் கையெழுத்தாயிற்று. முகத்தைத் திருப்பிக்கொண்டு தாளை நீட்டினார். வரி அப்படியே இருந்தது.

அந்த வரியை அடிக்க விரும்பும் வாசகர் இப்போதும் அடிக்கலாம், தடையில்லை. ஆனால் அந்தத் தாளைக் கேப்டனிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.